மருதாசலத்தின் அமாவாசை அலை

"மேற்படி மருதாசலம், ராணுவ ராடார் கருவிகளைக் கையாள்வதில் விசேஷப் பயிற்சி பெற்றவர். அந்நியத் தொடர்பு உள்ளவர். அமாவாசை தினங்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்தி அனுப்புகிறார். துணிச்சல்காரர். எச்சரிக்கையுடன் அணுகத் தக்கவர்."

1966ஆம் வருஷம், எல்லையில் சண்டை ஓய்ந்தும் ஊருக்குள் சந்தேகம் ஓயாத நாட்களில், திருப்பூரில் ஒரு காவலர் இப்படி எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். அதில் பெயர் மட்டும் சரி.

மருதாசலத்துக்கு மின்சாரம் என்றால் பயம். வீட்டில் பல்பு மாற்றுவதற்குக்கூட மரப்பலகையைப் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, முருகனை நினைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். அவருடைய துணிச்சலைப் பற்றி மனைவி ஞானாம்பாளிடம் விசாரித்திருந்தால், இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறவர் என்ற விவரம் கிடைத்திருக்கும். அந்நியத் தொடர்பு என்பதும் ஒரே ஒரு தடவைதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வானொலியில் அகப்பட்டு, அங்கே நல்ல வெயில் என்றார். இங்கேயும் நல்ல வெயில்தானுங்க என்று மருதாசலம் சொன்னார். இரண்டு தேசங்களுக்கும் இடையே பரிமாறப்பட்ட ரகசியம் அவ்வளவே.

அவர் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் பெயர் சென்னிமலை, கைத்தறியிலிருந்து பனியனுக்கு மாறியவர். மாறியவர் பலகையில் மகள் பெயரை எழுதினார், ஞானாம்பாள் பனியன் கம்பெனி என்று. வீடு மாமனார் பெயரில் இருந்தது, பின்னல் மிஷின்கள் மாமியார் பெயரில் இருந்தன, ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் இருந்த சலவைக் களம் ஞானாம்பாள் பெயரில் இருந்தது. மருதாசலம் பெயரில் இருந்தது ஒரே ஒரு லைசென்ஸ். அமெச்சூர் வானொலி லைசென்ஸ். சொந்தமாகக் கருவி கட்டி, தன்னைப் போன்ற இன்னொரு பொழுதுபோக்குக்காரரோடு பேசிக்கொள்ளலாம், ஆராய்ச்சியும் செய்யலாம், வியாபாரத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி அவருக்கு அனுமதி தந்திருந்தது. வீட்டில் வாய் திறக்க இடம் கிடைக்காத மனுஷனுக்கு, உலகத்தோடு பேசிக்கொள்ளச் சர்க்காரே எழுத்துமூலம் அனுமதி கொடுத்தது அவருக்குப் பெரிய ஆறுதல்.

ராணுவப் பெட்டி வந்தது தார்ப்பாயினால். கோயமுத்தூர்ப் பக்கம் ராணுவத்தின் கழிவுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். களத்தில் மழைக்குத் துணியை மூட நல்ல தார்ப்பாய் வாங்கிவரச் சொல்லி மாமனார் மருதாசலத்தை அனுப்பினார். ஏலத்தில் தார்ப்பாயைத் தனியாகத் தரமாட்டார்கள். குவியலாகத்தான் எடுக்க வேண்டும். அந்தக் குவியலில் தார்ப்பாய்க் கட்டுகளுக்கு அடியில் இரண்டு பச்சை இரும்புப் பெட்டிகள் கிடந்தன. மருதாசலம் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளிப் பூச்சுப் பூசிய குழிகளும், விரல் கனத்தில் ஒரு வால்வும் இருந்தன. பழைய ராடாரில் சின்ன அலையைப் பெரிதாக்கிய மைக்ரோவேவ் பெருக்கிகள் அவை. அவர் தார்ப்பாயைப் பிரித்துப் பார்க்கவே மறந்துபோனார்.

வீட்டில் பிரித்தார்கள். தார்ப்பாயைக் கரையான் ஜல்லடையாக்கி வைத்திருந்தது.

"ஏனுங் மாப்ள, தார்ப்பாய் வாங்கிட்டு வாங்கன்னா, தார்ப்பாய் மாதிரி ஒன்ன வாங்கிட்டு வந்துருக்கீங்க" என்றார் சென்னிமலை.

"பொட்டி நல்லா இருக்குதுங்க மாமா."

"பொட்டிய விரிச்சுப் போட்டாத் துணி நனையாதுங்களா?"

மருதாசலம் பெட்டிகளைத் திண்ணை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

இரண்டு பெட்டிகளில் ஒன்று அமராவதி நகருக்குப் போயிற்று. அங்கே அணைப் பிரிவில் ஓவர்சியராக இருந்தவர் ஆத்தப்பன். வெள்ளகோவில் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். அவரும் லைசென்ஸ்காரர். இரண்டு பேரும் சாதாரண சிற்றலை செட்டில் தினமும் காலையில் பேசிக்கொள்கிறவர்கள். ஐம்பது மைலுக்கு அந்தச் செட்டே தாராளம். ஆனால் தாராளமாக நடப்பதை நடத்துவதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது? ராடார் அலையில் பேசுவது என்று முடிவாயிற்று.

மருதாசலம் ஆறு மாதம் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தினார். ராணுவத்துக்குத் தேவைப்பட்ட அலைவரிசையிலிருந்து அமெச்சூர்களுக்கு விட்டிருந்த அலைவரிசைக்கு இறக்குவதற்காகக் குழிகளில் செப்புத் தகடு வைத்துச் சரிசெய்தார். கொதிக்கும் வால்வின் மேல் காற்று வீச, உலைக்களத்தில் கழித்துப் போட்ட ஊதுவிசிறியைப் பொருத்தினார். உயர் மின்சாரம் ஓடும் இடத்தையெல்லாம் மூங்கில் குச்சியால்தான் தொடுவார். பயந்தவர் என்பதால் வேலை மெதுவாக நடந்தது. பயந்தவர் என்பதால் உயிரோடும் இருந்தார். மைக்ரோவேவ் அலை டார்ச்சு வெளிச்சம் மாதிரி, குவித்து அனுப்பினால்தான் தூரம் போகும். குவிக்கிற தட்டுக்கு ஆத்தப்பன் வழி சொன்னார். அவர்கள் ஊரில் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரைகளில் ஓட்டை விழுந்தவை இரண்டைக் கேட்டு வாங்கி, கொல்லரிடம் கொடுத்து வளைவைத் திருத்தினார்கள். ஒரு கொப்பரை அணைக்கு மேலே இருந்த கரட்டுக் குன்றில் வடக்கு நோக்கி நின்றது. மற்றொன்று திருப்பூரில் சலவைக் களத்தின் ஓரத்துக் கொட்டகையில் தெற்கு நோக்கி நின்றது.

களம் மேட்டில் இருந்ததால் தெற்கே மறைப்பு எதுவும் கிடையாது. வரிசை வரிசையாக மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வெளுத்த துணியைக் காயப்போட்டிருப்பார்கள். அது ஒன்றுதான் எதிரே.

முதன்முதலில் கருவியைப் போட்ட நாள் ஒரு அமாவாசை. போட்டதுமே ஆத்தப்பன் குரல் பக்கத்துக் கொட்டகையிலிருந்து பேசுகிற மாதிரிக் கேட்டது. இருவரும் சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலை ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல். அதற்கு மறுநாளும் இரைச்சல். ஒரு மாதம் ஒயரையும் வால்வையும் சந்தேகப்பட்டு, கழற்றி, மாட்டி, சலித்து, விட்டுவிடலாம் என்று நினைத்த சமயம் அடுத்த அமாவாசை வந்தது. ஆத்தப்பன் தெளிவாகக் கேட்டார்.

மூன்றாவது அமாவாசையும் தப்பவில்லை. மருதாசலத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிலாதான் அலையைக் கெடுக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். நெசவாளர் வீடுகளில் அமாவாசையன்று தறியைத் தொட மாட்டார்கள். சென்னிமலை தறியை விட்டாரே தவிர அமாவாசையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரன் லீவு, நமக்கு அமாவாசைதான் என்பார். அவர் கம்பெனியில் மாதத்தில் அந்த ஒருநாள் மிஷின் ஓடாது, சலவை நடக்காது, களத்தில் ஒரு முழம் துணிகூடத் தொங்காது. மற்ற நாட்களில் விடிந்ததும் ஈரத்துணியை விரித்துவிடுவார்கள். ஆத்தப்பனுக்குப் பத்து மணிக்கு அணை வேலை இருந்ததால் ஆராய்ச்சியும் அந்தக் காலை நேரத்தில்தான். துணி விரிக்காத மழை நாட்களில் மருதாசலம் ஷாக்குக்குப் பயந்து சுவிட்சைத் தொடமாட்டார்.

துணியின் மேல் அவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அவர் ஒழுங்கான ஆராய்ச்சிக்காரர். ஒரு அமாவாசையன்று கிடங்கிலிருந்து அயர்ன் போட்டு அட்டைப்பெட்டியில் வைத்திருந்த புதுப் பனியன்களை வாங்கிவந்து, அடுக்கிக் கொப்பரைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். ஆத்தப்பன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. உலர்ந்த பனியனை வைத்துச் சோதித்துவிட்டு ஈரத்துணிக்கு நற்சாட்சி கொடுத்துவிட்டார். ஈரத்துணியையே வைத்துப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் களத்தில் தொங்கும் வெள்ளைத் துணியை எண்ணெய்க் கையோடு தொடுகிறவனை ஞானாம்பாள் விட்டுவைக்கமாட்டாள். தவிர, பனியனின் பெருமையே அதில் காற்று நுழையும் என்பதுதான். காற்று நுழைகிற துணியில் அலை நுழையாதா? அந்தத் தொழிலில் இருக்கிறவருக்குத்தான் அப்படித் தோன்றும்.

நிலாத் தத்துவத்தை அவர் வருஷாந்திர அறிக்கையில் எழுதி டெல்லிக்கு அனுப்பினார். டெல்லி பதில் போடவில்லை. காவலர்தான் முந்திக்கொண்டார். அமாவாசைக்கு அமாவாசை ஆளில்லாத களத்தில் ஒருவர் கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்து எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தால் எந்தக் காவலருக்கும் கை அரிக்கத்தானே செய்யும்.

அதன் பலனாக ஆவணி அமாவாசைக்கு மெட்ராஸிலிருந்து வயர்லெஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. கூடவே நிபந்தனையும் வந்தது. பெட்டி வேலை செய்தால் அது ஆராய்ச்சிக் கருவி, வைத்துக்கொள்ளலாம். வேலை செய்யாவிட்டால் அது காரணமில்லாமல் வைத்திருக்கும் ராணுவச் சாமான், சீல் வைத்து எடுத்துப்போய்விடுவார்கள். ஆபத்தில்லாத பெட்டியைப் பறிப்பது, ஆபத்தான பெட்டியை விட்டுவைப்பது என்ற இந்த ஏற்பாட்டில் இருந்த நியாயத்தை மருதாசலம் ஆராயவில்லை. சொந்தமென்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்று. அதுவும் போய்விடுமோ என்பதே அவருடைய கவலை.

அந்த ஆவணியில் கல்கத்தாக்காரர்கள் பூஜைக்குச் சரக்குக் கேட்டு நெருக்கினார்கள். ஒரு வாரமாகத் தூறலில் துணி காயவில்லை. வெளுத்த துணி ஈரத்தோடு கிடந்தால் பூசணம் பூத்துவிடும். ஞானாம்பாள் யோசித்துப் பார்த்து, அமாவாசையன்றும் களத்தில் வேலை நடக்கட்டும் என்று தீர்மானித்தாள். சென்னிமலை முணுமுணுத்துவிட்டு, கல்கத்தாவை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார். களத்துப் பெண்கள்தான் தயங்கினார்கள்.

"ஏனுங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்று ஞானாம்பாள் புருஷனிடம் வந்தாள். "அமாவாசையப் பத்தி உங்குளுக்குத்தான் எல்லாம் தெரியும்னு சொல்லிக்கறாளுக."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கம்பெனி விஷயத்தில் அவருடைய யோசனை கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. மருதாசலம் சட்டையை மாற்றிக்கொண்டு களத்துக்குப் போனார்.

"நெலாவுக்கும் துணிக்கும் என்னுங்க சம்பந்தம்?" என்று ஆரம்பித்து விளக்கினார். அமாவாசையின் குணம் வானத்தோடு சரி, தரையில் நடக்கிற வேலையை அது ஒன்றும் செய்யாது, இதை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன் என்றார்.

களத்து மேஸ்திரி மருதம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப உங்க பொட்டி மட்டும் ஏனுங்க அமாவாசைக்குப் பேசுது?"

"அது வேறீங்க. அது அலை."

"சேரிங்க. அலைக்கு அமாவாசை, எங்குளுக்குக் கல்கத்தா. நடத்துங்க" என்றாள். பெண்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். மருதாசலம் பேசி ஜெயித்த முதல் வழக்கும் அதுதான்.

அமாவாசையன்று காலை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். தும்பைப்பூ நிறத்தில் சட்டை, கையில் தோல்பை, அதில் அரக்கும் முத்திரையும். களம் முழுக்க ஈரத்துணி மூங்கில் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆத்தப்பன் லீவு போட்டுவிட்டுக் கரட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். மருதாசலம் மரப்பலகையில் நின்று சுவிட்சைப் போட்டார். ஊதுவிசிறி சுற்றியது, வால்வு சிவந்தது.

இரைச்சல்.

கொப்பரையை இம்மி இம்மியாகத் திருப்பினார். இரைச்சல். பக்கத்திலிருந்த சிற்றலை செட்டில் ஆத்தப்பன் குரல் கேட்டது. "ஒன்னுமே வரலீங்கொ. பொட்டியப் போட்டீங்களா இல்லீங்களா?"

"போட்டாச்சுங்க! போட்டு அரைமணியாச்சுங்க!"

"அப்ப இன்னிக்கி அமாவாசை இல்லீங்களோ என்னமோ. பஞ்சாங்கத்தப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் ஞானாம்பாள் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"மிஸ்டர் மருதாசலம், நான் என்ன சார் பண்றது? ரூல் அப்படி" என்று அரக்குக் குச்சியை வெளியே எடுத்தார்.

மருதாசலம் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். சூடாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

அப்போது மேற்கேயிருந்து தூறல் வந்தது.

"மானம் எறங்குதடியோவ்! எடுங்கடி, வெசையா எடுங்கடி!" என்று மருதம்மாள் கத்தினாள். பெண்கள் நாலாபக்கமும் ஓடித் துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தார்கள். ஒரு கயிறு காலியாயிற்று. அப்புறம் இன்னொன்று. இரைச்சலுக்கு நடுவே என்னவோ முனகியது. நடு வரிசை காலியானதும் ஆத்தப்பன் பெட்டிக்குள்ளிருந்து கர்ஜித்தார்.

"...பத்தொம்பது, இருவது, இருவத்தியொன்னு, கேக்குதுங்களா, இருவத்திரண்டு..."

இன்ஸ்பெக்டர் அரக்கைக் கீழே வைத்தார். "அட! பிரமாதம் சார்! அமாவாசைதான் போலிருக்கு!" அவரே ஒலிவாங்கியை வாங்கி ஐம்பது மைல் தாண்டி ஆத்தப்பனிடம் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்தார்.

தூறல் பேருக்கு நாலு துளி போட்டுவிட்டு ஓடிவிட்டது. மருதம்மாள் வானத்தைத் திட்டினாள், பெண்கள் மறுபடி துணியை விரித்தார்கள். ஒரு கயிறு நிறைந்தது. ஆத்தப்பன் மங்கினார். நடு வரிசை நிறைந்தது. ஆத்தப்பன் அணையின் நீர்மட்டத்தைச் சொல்லப்போன இடத்தில் அறுந்துபோனார்.

மருதாசலம் துணியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். ஒரு வருஷத்து ஆராய்ச்சி கண்ணுக்கு எதிரே கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டரும் பார்த்தார். படித்தவர், அவருக்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை. "ஈரம்" என்றார் மெல்ல. "தண்ணி இந்த அலையக் குடிச்சுடும் சார். துணி காயக் காய சிக்னல் ஏறும். நீங்க இத்தன நாளா நிலாவப் பாக்கல. துணி காயறதப் பாத்துட்டு இருந்திருக்கீங்க."

கதவோரம் நின்றிருந்த ஞானாம்பாள் இதைக் கேட்டதும் உள்ளே வந்தாள். துணி காய்ந்ததா என்று அவள் பார்க்கிற முறை, மடிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. களம் முழுக்கக் கன்னம் வைத்துப் பார்த்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும். "ஏனுங்க, அப்ப மொத்தக் களமும் காஞ்சுதா இல்லையான்னு இந்தப் பொட்டியே சொல்லீருமுங்களா?"

இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது. "அம்மா, அதச் சொல்லாதீங்க. அது வியாபாரம். அமெச்சூர் லைசென்ஸ்ல வியாபாரம் பண்ணக் கூடாது. அதுக்குன்னா இப்பவே சீல் வைக்கணும்." பிறகு மருதாசலத்தின் பக்கம் திரும்பி, சொல்லைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டார். "நான் என்ன எழுதட்டும் சார்? நீங்க எதுக்காக இந்தப் பெட்டிய வச்சிருக்கீங்க?"

 பெட்டியால் கண்டுபிடிக்கக் கூடிய உண்மை ஒன்று அப்போதுதான் பிறந்திருந்தது. அந்த உண்மையைச் சொன்னால் பெட்டி போய்விடும். பெட்டி கண்டுபிடிக்காத பொய் ஒன்று ஏற்கெனவே டெல்லியில் பதிவாகியிருந்தது. அதற்கு அனுமதி உண்டு. மருதாசலம் பொய் சொல்லிப் பழகாதவர். ஞானாம்பாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை அசைக்கவில்லை, கண்ணை மட்டும் அகல விரித்தாள்.

"நெலாவைத்தானுங்க பாக்கறேன்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். தொடர்ந்து பாருங்க" என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரக்கையும் முத்திரையையும் பைக்குள் வைத்துக்கொண்டு, ஞானாம்பாள் கொடுத்த பனியனை வாங்க மறுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நேர்மையானவர்.

அன்று மத்தியானமே பெட்டியை மறுபடி போட்டார்கள். மறுநாளிலிருந்து ஆத்தப்பன் மத்தியானச் சோற்றைக் கரட்டின் மேல் வைத்தே சாப்பிட்டார். துணி காயக் காய ஆத்தப்பன் முனகலிலிருந்து பேச்சுக்கும், பேச்சிலிருந்து கர்ஜனைக்கும் ஏறினார். "இப்ப எப்படீங்க கேக்குது?" என்று மருதாசலம் கேட்பார். "இன்னும் சித்தெ ஈரமுங்க" என்று ஐம்பது மைலுக்கு அப்பால் கரட்டின் மேலிருந்து பதில் வரும். திருப்பூர்க் களத்தில் தொங்கும் துணியின் பக்குவத்தை ஆனைமலை அடிவாரத்திலிருந்து ஒரு பொதுப்பணித்துறை ஓவர்சியர் சொல்லும் விந்தையை மருதம்மாள் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு வந்து தொட்டுப் பாத்தாருங்களா?" என்பாள். ஞானாம்பாள் பெட்டி சொன்னதைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரு மடிப்பைக் கன்னத்திலும் வைத்துப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டதில்லை. கல்கத்தாச் சரக்கு பூசணமில்லாமல் ரயிலேறியது. சென்னிமலை, "பொட்டி பரவால்லீங் மாப்ள, தார்ப்பாய் வந்திருந்தா இதுக்குள்ள கிழிஞ்சிருக்கும்" என்று சொன்னார். மருதாசலம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பிற்பாடு வால்வு தேய்ந்து குரல் அடங்கும்வரை, அவர் டெல்லிக்கு அனுப்பிய வருஷாந்திர அறிக்கைகளில் நிலா ஒழுங்காக வளர்ந்தது, ஒழுங்காகத் தேய்ந்தது. சர்க்கார் கோப்புகளில் அவர் சந்திரனின் செல்வாக்கை ஆராய்ந்தவர்.

மருதாசலம் செய்தது இதுதான். ராணுவம் கழித்துப்போட்ட மைக்ரோவேவ் பெருக்கியை வைத்து, பனியன் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்தார்.